ஏழு கியர் சைக்கிளும் பாண்டிலட்சுமியின் காலும்

இனிமேல் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறுவதில்லை என்று பாண்டிலட்சுமி முடிவெடுத்தது ஆவணி மாதத்தில். தீபாவளி நெருங்கி, கம்பெனிக்காரர்கள் ஆள் தேடி வீட்டு வாசலில் வந்து நிற்கிற சீசன். அந்த நேரத்தில் வேலையை விட்டவளை ஊர் சும்மா விடுமா? கொழுப்பு என்றார்கள், மகள் சம்பாதிக்கிற தெம்பு என்றார்கள். நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும். அவள் பட்டதில் கால்வாசிகூட அந்த நாக்குகளுக்குத் தெரியாது.

திருத்தங்கலுக்குப் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. கல்யாணத்துக்கு முன்பே மருந்து அறைக்கு வேலைக்குப் போனவள். பட்டாசுக்குள் அடைக்கிற பொடியை அந்தப் பக்கத்தில் மருந்து என்றுதான் சொல்வார்கள். வாழ்க்கைப்பட்டதும் அதே கம்பெனியில் மருந்து கலக்குகிற அழகுராஜாவுக்குத்தான். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும், செருப்பு ஆகாது, நைலான் சேலை ஆகாது என்பதெல்லாம் கம்பெனி சொல்லிக் கொடுத்தது. அழகுராஜா சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று.

“உரசுற சத்தம் கேட்டா கையும் காலும் அந்த இடத்துலயே நிக்கணும். யோசிக்கிறதெல்லாம் பெறகு.”

மருந்து பற்றிக்கொள்ளத் தீக்குச்சி வேண்டியதில்லை. மருந்து இருக்கிற அறையில் ஒரு டப்பாவைத் தரையோடு இழுத்தாலே போதும். அதனால் அவன் வீட்டில்கூடச் சும்மா இருக்க மாட்டான். குடத்தைத் தரையில் தேய்த்து நகர்த்தினால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன் கை அப்படியே நின்றுவிடும். முதலில் பாண்டிலட்சுமி அதைக் கேலி பண்ணினாள். வருஷம் போகப்போக அவளுக்கும் அதே வியாதி வந்தது. பஸ்ஸில் போகும்போது டிரைவர் கியர் மாற்றுகிற கரகரப்பு கேட்டால், கம்பியைப் பிடித்திருக்கும் கை இறுகிவிடும். மருந்து அறையில் வேலை பார்க்கிற முக்கால்வாசிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. அது இல்லாதவர்கள் ரொம்ப நாள் இருப்பதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி வெயிலில், அழகுராஜா இருந்த அறையில் யாரோ ஒரு டிரம்மை இழுத்தார்கள். அவன் கத்தினான். கத்தலைக் கேட்டு மற்ற மூன்று பேரும் வெளியே பாய்ந்தார்கள். அவர்களை முன்னால் விட்டவன் வந்து சேரவில்லை. அந்த மூன்று பேரும் இன்றைக்கும் இருக்கிறார்கள். அம்மன் கோயில் பொங்கலுக்கு எதிர்ப்பட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொள்வார்கள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் அவளுக்குப் பெரிய பாரமாக இருந்தது.

கருமாதி முடிந்து, அவள் மறுபடியும் அதே வேனில்தான் ஏறினாள். வேறு எங்கே போவாள்? கை அறிந்த தொழில் அது ஒன்றுதான்.

மகள் சுகிர்தா சூலக்கரையில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கே வெடி விபத்து என்றாலும் அங்கேதான் சேதி முதலில் வரும். வந்ததும் அந்தப் பிள்ளை அம்மாவுக்குப் போன் போடும். மருந்து அறைப் பக்கம் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அது கேட்டில் ஒரு பைக்குள் கிடந்து அடித்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் வேலை விட்ட பிறகுதான் பதில் கிடைக்கும். அதுவரை மனு அடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் சுகிர்தா பெயர் மாற்றியும் தேதி மாற்றியும் அடித்துக் கொடுத்து முதலாளியிடம் ஏச்சு வாங்குவாள். ஆடி மாதத்தில் அப்படி ஒரு நாள் போனது. ராத்திரி சாப்பாட்டில் கை வைக்காமல் சுகிர்தா சொன்னாள்.

“எனக்கு ஒரே ஒரு அப்பாதான் இருந்தாக. இப்ப ஒரே ஒரு அம்மாதான் இருக்க. பாத்துக்கோ.”

அதற்கப்புறம் பாண்டிலட்சுமிக்கு அந்த வேன் ஆகாமல் போய்விட்டது.

திருத்தங்கலில் சபரிநாதன் என்பவருடைய அச்சாபீஸில் காலண்டர் சீசனுக்கு ஆள் எடுத்தார்கள். தினசரி காலண்டரின் தாள்களை நாள் வாரியாக அடுக்குகிற வேலை. பெண்கள் வரிசையாக நின்றுகொண்டு, ஒருத்தி வைத்ததன் மேல் அடுத்தவள் வைத்து அனுப்ப வேண்டும். தாள் கீழே விழுந்தால் குனிந்து எடுத்துக்கொள்ளலாம். அத்தனை வருஷம் மருந்து அறையில் இருந்தவளுக்கு அதுவே அதிசயமாக இருந்தது. அவளுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது.

போய்ச் சேருவதுதான் பாடு. பட்டாசு வேன் அந்தப் பக்கம் போகாது. முதல் பஸ் வருவதற்குள் அச்சாபீஸில் வேலை தொடங்கிவிடும். சைக்கிளில் போகலாம் என்றால் நடுவில் ரயில்வே மேம்பாலம். அத்தனை காலம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்ததில் அவள் முழங்கால் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினால் முட்டி வீங்கிவிடும், பிறகு நாள் முழுக்க நிற்க முடியாது. அதனால் சுகிர்தா யோசித்து, மேட்டில் மிதிக்க லேசாக இருக்கும் என்று, ஏழு கியர் வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் போட்டாள்.

சைக்கிள் அட்டைப்பெட்டியில் வந்தது. ஹேண்டில்பாரையும் பெடலையும் நாமே பூட்டிக்கொள்ள வேண்டுமாம். தெருவே சேர்ந்து பூட்டியது. ஊர் கூடித் தேர் இழுத்தால் தேர் நகரும். ஊர் கூடி சைக்கிள் பூட்டினால் இரண்டு நட்டு மிச்சம் விழும். மிச்சம் விழுந்த நட்டை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்துவிட்டு, மறுநாள் வேலைக்குக் கிளம்பினாள். பாலத்து ஏற்றத்தில் கியரை மாற்றினாள். கரகரவென்று ஒரு சத்தம். செயின் கழன்று தொங்கியது.

அடுத்த நாளும் அதே இடம், அதே கதை. கையெல்லாம் கிரீஸோடு அச்சாபீஸுக்குப் போனபோது வரிசை அவளுக்காக நின்றுகொண்டிருந்தது. சபரிநாதன் நல்ல மனுஷன்தான், ஏசவில்லை. ஒரு ஆள் இல்லாவிட்டால் பத்துப் பேர் கை சும்மா இருக்கிறது, இந்த வாரம் பார்க்கலாம், திங்கட்கிழமையும் தாமதமானால் பக்கத்திலேயே குடியிருக்கிற ஒரு பெண்ணைப் போட்டுக்கொள்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். ஏசியிருந்தால்கூட அவளுக்கு அத்தனை வலித்திருக்காது.

திருத்தங்கல் கடைவீதியில் ஆண்டிச்சாமி சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆன்லைனில் வாங்கிவிட்டு அழுகைக்கு மட்டும் தன்னிடம் வருகிறார்கள் என்று எரிந்து விழுந்தார். விழுந்துவிட்டு, சைக்கிளைக் கொக்கியில் தூக்கி மாட்டினார். பின் சக்கரத்தில் பெரிதும் சிறிதுமாக ஏழு பல்சக்கரம். செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிட ஒரு கை. அந்தக் கையை இழுக்க ஒரு கேபிள். கேபிள் தொளதொளவென்று கிடந்தது. இழுத்துப் பிடித்து இறுக்கினார். செயின் இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் தாண்டாமல் இருக்க இரண்டு ஸ்க்ரூ உண்டு, அதையும் திருகி வைத்தார். பிறகு அவர் பெடலைக் கையால் சுற்ற, அவள் கியரை ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஏழிலும் செயின் படிக்கட்டு ஏறுகிற மாதிரி ஏறி இறங்கியது. மறுநாள் பாலத்தில் கழன்றது.

மறுபடியும் கொக்கி, மறுபடியும் ஸ்க்ரூ. இந்தத் தடவை ஆண்டிச்சாமி தானே பாலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு குறையும் இல்லை. சைக்கிள் சரியாகத்தான் இருக்கிறது, கோளாறு ஓட்டுகிறவரிடம் என்றார். அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. அவள் பாட்டுக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலத்துக்கு வரச் சொன்னார்.

அன்றைக்கு அவள் மிதித்து ஏற, அவர் தன் மொபெட்டில் பக்கத்திலேயே மெதுவாக வந்தார். அவள் கியரைத் தட்டினாள். கரகரவென்று கேட்டது. செயின் பாதியில் சிக்கி நின்றது. ஆண்டிச்சாமி வண்டியை ஓரம் கட்டினார்.

“ஏம்மா, காலை ஏன் நிப்பாட்டுறீக?”

“நான் எங்க அண்ணாச்சி நிப்பாட்டுனேன்?”

“நிப்பாட்டுறீக. சத்தம் வந்த மறுநொடி கால் நின்னுபோகுது.”

அவள் நம்பவில்லை. திரும்பக் கீழே போய், இந்தத் தடவை குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். செயின் உரசியது. கால் நின்றது. அவள் நிறுத்தவில்லை, கால் தானாக நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துபோய், பாலத்துச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். கடைக் கொக்கியில் மாட்டியிருந்தபோது கியர் ஒழுங்காக ஏறியது எதனால் என்பதும் புரிந்தது. அங்கே பெடலைச் சுற்றியது அவருடைய கை.

அழகுராஜாவைப் பற்றி அவரிடம் சொன்னாள். அந்த வட்டாரத்தில் இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்றால் போதும், மிச்சத்தைக் கேட்கிறவர்களே தெரிந்துகொள்வார்கள். ஆண்டிச்சாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“அந்தச் சத்தம் வராம பண்ண முடியாதா அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

“எண்ணெய் விட்டுக் கொறைக்கலாம் தாயி. அடியோட எடுக்க முடியாது. உரசாம செயின் ஏறாது. உரசும்போதும் கால் சுத்திக்கிட்டே இருக்கணும்.”

அன்று மத்தியானம் வரைக்கும் கண்மாய்க் கரைச் சாலையில் தனியாக ஓட்டிப் பார்த்தாள். நிறுத்தக் கூடாது, நிறுத்தக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். வாய் சொல்வதைக் கால் கேட்கவில்லை. அத்தனை வருஷம் அவளை உயிரோடு வைத்திருந்த கால் அது. அதைக் குற்றம் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் அது இப்படியே நின்றால் திரும்பப் போகிற இடம் எது என்று அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை விடியலில் வேன் வழக்கம்போல வந்து தெருமுனையில் ஹார்ன் அடித்தது. மருந்து அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த பேச்சியம்மாள், ஜன்னல் ஓரம் தன் பக்கத்தில் தூக்குவாளியை வைத்து ஒரு இடம் பிடித்திருந்தாள். பாலத்தில் நடக்கிற கூத்து அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

“ஏறு தாயி. ஏன் ரோட்டுல கெடந்து சீரழியிற?” என்றாள். பிரியமாகத்தான் சொன்னாள். அவளுக்கும் வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள்.

பாண்டிலட்சுமி தலையை ஆட்டிவிட்டு சைக்கிளை எடுத்தாள். வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேற்கே போனது.

பாலம் வந்தது. ஏற்றம் தொடங்குகிற இடத்தில் வேகம் குறைந்து முழங்காலில் வலி ஏறியது. இன்னும் கொஞ்சம் விட்டால் சைக்கிள் நின்றுவிடும், நின்றால் தள்ள வேண்டும். கியரைத் தட்டினாள். கரகரவென்று இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம் பிடரிக்குப் பின்னால் கேட்கிற மாதிரி இருந்தது. கால் இறுகியது. கையும் காலும் நிக்கணும் என்கிற அழகுராஜாவின் குரலும் கேட்டது. காதுக்குப் பக்கத்திலேயே, ஏச்சும் இல்லாமல் கொஞ்சலும் இல்லாமல், வேலை சொல்லிக்கொடுக்கிற குரலில்.

புருஷன் சொல்லைத் தட்டாத மகராசி என்று அவளைச் சொல்ல முடியாது. குழம்புக்குப் புளி கரைப்பதிலிருந்து மகளைக் காலேஜில் சேர்த்தது வரைக்கும் அவன் ஒன்று சொன்னால் அவள் ஒன்று செய்திருக்கிறாள். இந்த ஒரு சொல்லை மட்டும்தான் அவள் மீறியதே இல்லை. அவன் விட்டுவிட்டுப் போனதும் இந்த ஒன்றைத்தான். அதை மிதித்துக்கொண்டு போக வேண்டுமா? பல்லைக் கடித்துக்கொண்டு, இறுகிய காலை இடுப்பிலிருந்து அழுத்தினாள். நகர மாட்டேன் என்றது. மறுபடி அழுத்தினாள். கால் இறங்கியது. அடுத்த காலும் இறங்கியது. சத்தம் இன்னும் கூடியது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ரோட்டில் அப்படிச் செய்யக் கூடாதுதான். எந்தச் சாமி புண்ணியமோ, எதிரே வண்டி வரவில்லை.

டக்கென்று செயின் அடுத்த பெரிய பல்சக்கரத்தில் உட்கார்ந்தது. சத்தம் அடங்கியது. பெடல் லேசாகிவிட்டது. கண்ணைத் திறந்து, இன்னொரு தடவை தட்டினாள். உரசியது, மிதித்தாள், அடங்கியது. உடம்பு முழுக்க வேர்த்திருந்தது. கை ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. கால் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பாலத்து உச்சியில் ஒரு நிமிஷம் நின்றாள். கீழே தண்டவாளம் வெறுமனே கிடந்தது. தூரத்தில் அச்சாபீஸின் தகரக் கூரை தெரிந்தது. கேட்டை இன்னும் திறக்கவில்லை. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே, ஆள் யாரும் இல்லாத பக்கமாகத் திரும்பி, “ஒண்ணும் ஆகலைங்க” என்று சொன்னாள்.