பிழையை எழுதிப் பேர் எடுத்தவள்

பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத் தேர்வு முடிவு வந்த அன்று, வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் டாக்டருக்குப் படிக்கப் போவதாக அப்பா சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. துறைமுக அலுவலகத்தில் எழுத்தர்களுக்கெல்லாம் மேலே, தலைமைக் கிராணியாக இருந்தவர் அவர். அங்கே அவர் சொன்னால் நடந்துவிடும். வீட்டிலும் அப்படித்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பினாங்கில் கிராணிமாரான குடும்பங்களுக்கு, எழுபதுகளில், டாக்டரையும் லாயரையும் விட்டால் வேறு படிப்பு கண்ணில் படாது.

வந்தவர்கள் போன பிறகு, நான் பௌதிகம் படிக்கப் போகிறேன் என்றேன். அதிலும் ஆய்வுக்கூடம்கூட வேண்டாத பௌதிகம், முழுக்கக் கணிதம்.

"அதைப் படிச்சு என்ன செய்யப்போறாய்?"

"ஆராய்ச்சி, அப்பா."

"ஆர் உன்னைக் கேட்டது?"

அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. அப்பா அதற்கு மேல் தடுக்கவும் இல்லை. என்னைப் பற்றிப் பகிடி பண்ணத் தொடங்கினார். அவருக்கு அது நன்றாக வந்தது. இங்கிலாந்தில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பியிருந்தபோது, ஒரு கல்யாண வீட்டில் வயதான உறவினர் ஒருவர் என்னிடம் முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். அப்பா பந்தி முழுக்கக் கேட்கும்படி, "அவவிட்டக் கேளாதேங்கோ. அவ பேருக்குத்தான் டாக்டர், மனுசருக்கு ஒண்டுக்கும் உதவாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையில் பிசைந்த சோறு இருந்தது.

பினாங்கிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. துறையில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார், தமிழர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், நானும் அவரை அண்ணன் என்பேன். வெள்ளிக்கிழமை மதியங்களில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் போய் நாசி கண்டார் சோறு சாப்பிடுவோம். மேசையில் தண்ணீரைத் தொட்டுச் சமன்பாடு எழுதுவார். கடைக்காரர் துடைத்துவிட்டுப் போவார். என் வேலையை அந்த ஊரில் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர். அந்த வெள்ளிக்கிழமைகளுக்காகவே வாரத்தின் மற்ற நாட்களை ஓட்டினேன் என்றுகூடச் சொல்லலாம்.

நான் பிடித்துக்கொண்டிருந்த கேள்வி ஒரு வகை அலைகளைப் பற்றியது. ஓர் அலை தன் மீதே விழுந்து விழுந்து முடிவில்லாமல் உயர்ந்துவிடுமா, அல்லது என்றைக்கும் ஓர் அளவுக்குள் அடங்கி நிற்குமா? அடங்கித்தான் நிற்கும் என்று, பல வருட உழைப்புக்குப் பிறகு, நிறுவிவிட்டதாக நினைத்தேன். கையெழுத்துப் பிரதியை அவரிடம் கொடுத்தேன். இரண்டு மாதம் வைத்திருந்து திருப்பித் தந்தார்.

"சூப்பர்லா தங்கச்சி. ஒண்ணும் தப்பில்ல. வெளிநாட்டுக்காரங்க வர்ற கருத்தரங்குல நீதான் பேசணும், நான் ஏற்பாடு பண்றேன்."

ஏற்பாடு பண்ணினார். எண்பதுகளின் கடைசி அது. அப்பா ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். என்ன தோன்றியதோ, அவரையும் வரச் சொன்னேன். கோட்டு போட்டுக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். வெளிநாட்டவர்கள் முன்வரிசையில். அண்ணன் நடுவில்.

பாதிப் பேச்சு நன்றாகவே போனது. பிறகு அண்ணன் கை தூக்கினார். ஆங்கிலத்தில், என்னை 'மேடம்' என்று அழைத்து, அந்த வரியில் எல்லையையும் தொகையீட்டையும் இடம் மாற்றியிருக்கிறீர்களே, எந்த உரிமையில் என்று கேட்டார். நான் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன். உரிமை எதுவும் இல்லை. அது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நான் காட்டட்டுமா?" என்று எழுந்தார். பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்துப் படம் காட்டும் கருவியின் மேல் வைத்தார். திரையில் ஓர் அலை. என் நிறுவலில் நான் விதித்த நிபந்தனைகள் அத்தனைக்கும் உட்பட்டு, ஆனாலும் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போகிற அலை. சிவப்பிலும் நீலத்திலும், அளவுகோல் வைத்து வரைந்திருந்தார். அவசரத்தில் வரைந்த கோடு ஒன்றுகூட அதில் இல்லை.

முன்வரிசையில் ஒருவர் ரசித்துச் சிரித்தார். அவர் சிரித்தது அந்த அலையின் அழகுக்காக. அதை நான் குறை சொல்ல முடியாது, அழகாகத்தான் இருந்தது. பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேநீர் இடைவேளையில் எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள்.

காரில் வீட்டுக்குப் போகும்போது அப்பா கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். துறைமுகச் சாலையான வெல்ட் கீ தாண்டிய பிறகு சொன்னார்:

"அந்த மனுசன் கெட்டிக்காரன், என்ன?"

நான் ஓம் என்றேன்.

அடுத்த வாரம் அண்ணனின் அறைக்குப் போனேன். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"முதல் தடவை படிச்சப்பவே."

"அப்புறம் ஏண்ணே சொல்லல?"

அவர் கதவைச் சாத்தவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. "சொன்னா நீ திருத்திக்குவ. அப்புறம் அது உன்னோட பேப்பர், கீழே எனக்கு ஒரு நன்றி போடுவ. அவ்ளோதான்லா. எனக்கும் வயசு ஆகுது தங்கச்சி."

கோபப்படக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு நேராகச் சொன்னார். கருத்தரங்கில் சிரித்த வெளிநாட்டவர் அந்த வருடமே அவரைத் தன் ஊருக்கு அழைத்துக்கொண்டார். என்னிடமிருந்த மேற்பட்டப் படிப்பு வகுப்புகள் பறிபோயின. வார இறுதிகளில் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாஸுக்குப் போய், அரசாங்க அலுவலகங்களில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு அடிப்படைப் பௌதிகம் சொல்லிக்கொடுக்கப் பணித்தார்கள். அது தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது.

வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. வெயிலில் வந்த மாணவர்கள் தூங்கி வழிவார்கள். சமன்பாட்டை எழுதினால் தலை சாயும். ஒருவர் எங்கே தவறினார், ஏன் தவறினார் என்று சொன்னால் நிமிர்வார்கள். பிறத்தியார் சறுக்கிய கதைக்கு யாருமே தூங்குவதில்லை. பிழைகளாகவே பௌதிகத்தைச் சொல்லிக்கொடுக்கப் பழகினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் துறைக்கு இணையம் வந்தது. எனக்கென்று ஒரு பக்கம் திறந்து, வகுப்பில் சொன்னவற்றைச் சிறு கட்டுரைகளாக ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். இன்றைக்கு வலைப்பதிவு என்கிறார்கள். அப்போது அதற்குப் பெயரில்லை. முதல் சில கட்டுரைகளை யாரும் சீந்தவில்லை. பிறகு என் பிழையை எழுதினேன். நான் நிறுவ நினைத்தது, இடம் மாற்றிய வரி, அதை உடைத்த அலை எல்லாவற்றையும். யார் உடைத்தார், எப்படி உடைத்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அதற்குக் கடிதங்கள் வந்தன, முகம் தெரியாத ஊர்களிலிருந்து. எழுதியவர்களில் ஒருவர் கேட்டார்: அலை தொடங்கும்போதே மிகச் சிறியதாக இருந்தால்? அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். சிறிய அலைகள் அடங்கித்தான் நிற்கின்றன. இந்த முறை நிறுவல் நின்றது. அவரும் நானும் சேர்ந்து வெளியிட்டோம். என் பழைய கனவில் ஒரு மூலைதான் அது. ஆனால் அந்த மூலை உண்மை.

கோவிலில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர், "உங்கட மகள் எழுதிறதை லண்டன்ல என்ர மருமகன் வாசிக்கிறானாம்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஓம், பிழையை எழுதிப் பேர் எடுத்தவள்."

என்னைப் பற்றி அவர் சொன்னதில் முழுக்க உண்மையானது அது ஒன்றுதான். சில மாதங்களில் பக்கவாதம் வந்து பேச்சு போனது. கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்டேன். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று இன்றுவரை தெரியாது.

அப்பா இறந்த பிறகு ஒரு நாள் அலுவலகத் தொலைபேசி அடித்தது. அண்ணன். வெளிநாட்டு ஒப்பந்தம் முடிந்து கோலாலம்பூருக்குத் திரும்பியிருந்தார்.

"உன் பக்கத்தைப் படிச்சேன், தங்கச்சி."

அந்தக் கட்டுரையை எடுக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். வாக்குவாதத்துக்குத் தயாரானேன்.

"அந்த அலை என்னோடது. ஏன் பேரு போடல? ஊர் பூரா அதை உன்னோடதுன்னு பேசுது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கண்டுபிடித்தவருக்குப் பெயர் போய்ச் சேரவேண்டும்.

"போடறேண்ணே. இப்பவே போடறேன். எப்ப கண்டுபிடிச்சீங்கன்னும் எழுதணும்ல? என் பிரதியைப் படிச்சப்போன்னு போடவா, கருத்தரங்குலன்னு போடவா?"

மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன். எனக்கு அவசரமே இல்லை. அந்த அமைதி இனித்தது.

"வேணாம். விடு" என்றார்.

"சரிண்ணே" என்று வைத்தேன். அந்தக் கட்டுரையில் யார் பெயரும் இல்லை. இப்போதும் அதைப் படித்துவிட்டு யாராவது எழுதுகிறார்கள், அந்த அலை எவ்வளவு அழகு என்று. ஆமாம், அழகுதான் என்று பதில் போடுகிறேன்.