மதினி முழுசாக விழுந்த படம்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் அம்மா வீட்டு ஆட்கள் எங்கிருந்தாலும் தென்காசிக்கு வந்து சேர்ந்துவிடுவோம். குளிப்போம், தின்போம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுப்போம், அதை வைத்து அடுத்த சாரல் வரைக்கும் சண்டை போடுவோம். போன வருஷச் சண்டை என் அண்ணன் மனைவிக்கும் எனக்கும். என் போனில் பனோரமாவாக எடுத்த நீளப் படத்தில், ஓரத்தில் நின்ற மதினிக்குப் பாதி முகம்தான் விழுந்திருந்தது. நான் வேண்டுமென்றே வெட்டிவிட்டேன் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். வெட்டியது போன், பழி எனக்கு. அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் போன் செய்தால், ஹலோ கூடச் சொல்லாமல் அண்ணனிடம் கொடுத்துவிடுவாள்.

எங்கள் வீட்டில் எனக்குச் சரிக்குச் சரி வாயாடக்கூடியவள் மதினி ஒருத்திதான். அவள் பேசாமல் எனக்குப் பொழுதே போகவில்லை. ஆனால் சமாதானம் பேசக் கெஞ்சிக்கொண்டு போகிறவளும் நானில்லை. இந்த வருஷம் அவள் முழுசாக விழுகிற மாதிரி ஒரு படம் எடுத்து, அதை அவள் கையிலேயே கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

மொட்டை மாடியில் துணி காயப்போட்ட கொடியைப் படம் எடுத்து எடுத்துப் பழகினேன். போனை நட்டமாக நிமிர்த்திப் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, இடுப்பை மட்டும் மெதுவாகத் திருப்பினால் படம் உடையவில்லை. ஆனால் நேரான கொடி வில் மாதிரி வளைந்தது. நடுவில் தொங்கிய சேலை பூதாகரமாகவும், ஓரத்துச் சேலைகள் கைக்குட்டையாகவும் தெரிந்தன. நடுவில் இருப்பது எனக்குக் கிட்டே, ஓரத்தில் இருப்பது தூரத்தில், கோளாறு அதுதான். ஆட்களை வரிசையாக நிறுத்தக் கூடாது, என்னைச் சுற்றி வளைத்து நிறுத்த வேண்டும்.

வளைத்து நிறுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சாரல் வந்ததும் எல்லோரும் கூடியது ஐந்தருவிப் பக்கம் சொந்தக்காரர் ஒருவரின் தோப்பில். மேற்கே மலை முழுக்கத் தெரிந்தது. "அரை வட்டமா நில்லுங்க" என்றேன். கல்யாண மேடையில் நிற்பது போல விறைப்பாக ஒரே கோட்டில் நின்றார்கள். "ஓரத்துல நிக்கவங்க மட்டும் முன்னால வாங்க" என்றேன். எல்லோருமே முன்னால் வந்தார்கள். மதினி போன வருஷம் போலவே ஓரத்தில் போய், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். இப்பவும் வெட்டுவியா, வெட்டு பார்ப்போம் என்கிற நிற்பு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கும்மியடிக்கதுக்கு நிப்பீங்கல்லா, அப்படி நில்லுங்க! பாதி வட்டம் போதும்!" என்று கத்தினேன்.

வளைவு வந்துவிட்டது! கோயில் கொடைத் திருவிழாவில் முளைப்பாரியைச் சுற்றி நின்று பழகிய பெண்கள். யாரும் யாருக்கும் சொல்லாமலே இடம் பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள். மறுகோடியிலிருந்து மதினி பக்கமாக நான் போனைத் திருப்ப ஆரம்பித்தேன்.

கும்மி என்று சொல்லிவிட்டால் கை சும்மா இருக்குமா? பெரியம்மா தட்ட, சித்தி பாட, வட்டம் நகர்ந்தது. நான் திருப்பிய பக்கமே அவர்களும் சுற்றி வந்தார்கள். படத்தில் சித்தி மூன்று இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். கோடியில் நின்ற மதினி சுற்றிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டதால், படத்தில் எங்குமே இல்லை. போனை ஆளுக்கு ஆள் வாங்கிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். மதினி மட்டும் சிரிக்கவில்லை.

"எல்லாரும் பழைய எடத்துக்குப் போங்க. கையக் கட்டுங்க. ஒருத்தரும் ஆடக் கூடாது!"

லென்ஸில் நின்ற சாரல் துளியை முந்தானையால் துடைத்தேன். மேற்கு வானத்து வெளுப்பில் முகங்கள் கருத்துத் தெரிந்தன. திரையில் மதினியின் முகத்தின் மேலேயே விரலை அழுத்தி வைத்து வெளிச்சத்தைப் பூட்டினேன். இந்தத் தடவை அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னை மரம் வரை இடம் விட்டுத் தொடங்கி, அவளைத் தாண்டி, அண்ணன், பெரியம்மா, சித்தி என்று மறுகோடி வரை திருப்பி முடித்தேன்.

விழுந்துவிட்டாள்! உச்சி வகிட்டிலிருந்து கால் மிஞ்சி வரை என் மதினி முழுசாக விழுந்துவிட்டாள். ஓரமும் நடுவும் எல்லோரும் ஒரே அளவு, பின்னால் உடையாமல் மலை. நான் வாய்விட்டுக் கத்திக்கொண்டு ஓடிப்போய் போனை அவள் கையில் திணித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

மதினி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கித் தன்னைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு முகமாகத் தள்ளிக்கொண்டே மறுகோடிக்குப் போனாள். திரும்பவும் முதலிலிருந்து வந்தாள்.

"ஏட்டி, இதுல நீ எங்க?"

"எடுக்கவ எப்படி மதினி விழுவேன்?"

"அது என்ன நியாயம்? போ, என் எடத்துல போய் நில்லு."

போய் நின்றேன். மதினி முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். "வடக்க நகருட்டி. தலைய நிமிரு. கூன் போடாத. என்னத்துக்குப் பல்லக் காட்டுத, அசையாம நில்லு!" ஒரு வருஷமாக வராத அதட்டல் எல்லாம் மொத்தமாக வந்துகொண்டிருந்தது. அவள் அதட்ட அதட்ட, நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.