பாஸ்வேர்டை மாற்றினாலும் திறக்கும் பெட்டி

ஆபீஸ் டெலிபோன் பெட்டி பார்க்கிற தொழிலில் நல்ல செய்தி சொல்ல யாரும் நம்மைக் கூப்பிடுவதில்லை. ரிப்பேர் வேலையில் காலம் தள்ளும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேனேஜர் போட்ட பூட்டு

வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில். வெளியிலிருந்து வரும் போனெல்லாம் ஒரு பழைய எக்ஸ்சேஞ்ச் பெட்டி வழியாகத்தான் மேசைகளுக்குப் பிரியும். மேனேஜர் அதன் பாஸ்வேர்டைத் தானே மாற்றிவிட்டு, மறு வாரமே மறந்துபோனார். நான் பெட்டிக் கம்பெனிக்காரர்கள் பயிற்சியில் சொல்லித் தந்த எண்ணைத் தட்டினேன். வாங்கியவர் எத்தனை தடவை மாற்றினாலும் இந்த எண் வேலை செய்யும். பெட்டி திறந்தது! எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்தான் சிரிக்கவில்லை.

"அப்ப நான் ரெண்டு நாளா யோசிச்சு வச்ச நம்பரு எதுக்கு தம்பி, அழகுக்கா?"

ஜெயராணி அக்கா மேல் பழி

நாலு மாதம் கழித்து மறுபடி அழைப்பு. ஆர்டர் சொல்லப் பேசும் வியாபாரிகளின் போனை வேறு யாரோ எடுத்து, "அங்க சரக்கு இல்ல, நாங்க தாரோம்" என்கிறார்களாம். ஆபரேட்டர் ஜெயராணி அக்காவின் வேலைதான் இது என்று மேனேஜர் முடிவுகட்டி, நாளையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். பெட்டிக்குள் பார்த்தேன். விற்பனைப் பிரிவின் லைன் யாருடைய செல்லுக்கோ திருப்பப்பட்டிருந்தது. பயிற்சியில் தந்த அந்தக் கம்பெனி எண்ணை அங்கேயே நெட்டில் தேடினேன். பெட்டியின் மேனுவலோடு பளிச்சென்று கிடந்தது!

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பெட்டியத் தொறக்கவே எனக்குத் தெரியாது தம்பி, நீயாச்சும் சொல்லு."

கேன்டீனில் அடித்த போன்

"சார், புதுசா ஒரு பாஸ்வேர்டு போடுங்க, எனக்குச் சொல்லாதீங்க" என்றேன். போட்டார். அக்காவை அவர் எதிரிலேயே உட்கார வைத்துவிட்டு, மில் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். வெளியாள் மாதிரி என் செல்லிலிருந்து பெட்டியைக் கூப்பிட்டு, கம்பெனி எண்ணைத் தட்டினேன். உள்ளே விட்டது! மேனேஜரின் லைனைக் கேன்டீனுக்குத் திருப்பிவிட்டு, அவர் மேசைக்குப் போன் போட்டேன்.

நான் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, கேன்டீன் மாஸ்டர் கரண்டியும் கையுமாக அறைக்குள் நின்றார். "சார், ஒங்களுக்கு வார போனு எங்கிட்ட அடிக்குது, அங்க வெஞ்சனம் கருகுது!" மேனேஜர் எழுந்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். வெளியிலிருந்து பெட்டிக்குள் நுழையும் வசதியை அப்போதே நிறுத்தினேன். புதுப் பெட்டிக்கும் அவர் சம்மதித்தார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

அக்கா என்னைத்தான் பார்த்தார்: "ஒனக்கு இம்புட்டு நாளாத் தெரிஞ்சிருக்கு, மொதல்லயே ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

ஊருக்கே தெரிந்த ஒரு எண்ணை வாடிக்கையாளரிடம் மட்டும் மறைத்துவைத்து, அதற்குத் தொழில் ரகசியம் என்று பேர் வைத்திருந்தோம் நாங்கள்.