மயிலின் கண்

காஞ்சிபுரம் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தோம். கண்ணாடி, இரும்பு, காகிதம் எல்லாம் தனித்தனிச் சாக்கில் இருந்தால்தான் எடுப்பேன் என்று பழைய சாமான்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்பா அம்மா கல்யாணப் போட்டோவின் சட்டத்தைப் பிரித்தேன். படத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்திருந்த நீள அட்டையில் வரிசையாக ஓட்டைகள்.

அப்பாவின் தறி அட்டை! அந்த ஓட்டைகள்தான் புடவையில் பூவாகவும் மயிலாகவும் விழும். ஒரு டிசைன் ஓய்ந்துபோனால் அதன் அட்டைகள் குப்பைக்குப் போகாது. சேர்த்துத் தைத்தால் விசிறி, அடுக்கினால் பீரோ காலுக்கு முட்டு, ஜன்னலில் செருகினால் வெயில் மறைப்பு.

நான் சிறுவனாக இருந்தபோது, அக்கா தன் கல்யாணப் புடவைக்கு அப்பாவின் பழைய மயில் டிசைன்தான் வேண்டும் என்றாள். விசிறிகளைப் பிரித்தோம், பீரோ ஆடியது, வெயில் உள்ளே வந்தது. ஒவ்வோர் அட்டையையும் வெளிச்சத்தில் பிடித்து, "இது எந்த இடம்பா?" என்று நச்சரித்தேன்.

"இது தோகை, இது காலு" என்று அடுக்கிக்கொண்டே வந்த அப்பா திடீரென்று கத்தினார். "கண்ணு விழற அட்டையக் காணோமே! எவன்டா தூக்கிப் போட்டது?"

வீடு, தெரு முழுக்கத் தேடினோம். முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் புதிதாகக் குத்த நேரமில்லை. அக்காவின் மயில்கள் கண்ணில்லாமலே மணமேடை ஏறின.

இப்போது அட்டையை ஜன்னலருகே பிடித்தேன். சுவரில் வெயில் புள்ளிகள் விழுந்தன. கூட்டத்தைவிட்டுத் தனியாக ஒரு புள்ளி. அம்மா அதன்மேல் விரலை வைத்தாள்.

"இதாம்பா கண்ணு. இந்த அட்டைய பின்னால வெச்சு போட்டோவ மாட்டினதே உங்கப்பாதான். நாம தேடுனத எல்லாம் பின்னாடி இருந்து பார்த்துக்கினே இருந்திருக்குது பாரு."