பங்காளி இல்லாத சர்வர்

தொட்டில் கயித்தை ஒரு காலால இழுத்துக்கிட்டே கீபோர்டைத் தட்டுறா மருமக. புள்ளை சிணுங்கினா கால் வேகமாகும், கை மட்டும் நிக்காது. பேத்தி பொக்கை வாயைத் திறந்து சிரிச்சா, மாமனாருக்கு டீ ஆறிப்போறதுகூடத் தெரியாது. "இவ தவழுறதை நான் கண்ணால பாக்கணும் மாமா"ன்னு, அரை நாள் வேலை போதும்னு ஆபீசுல கேட்டிருக்கா மருமக.

வேலை என்னன்னா, ஆஸ்பத்திரிங்களோட இன்டர்நெட் பேரைக் காப்பாத்துறது. "நீங்க ஃபோன்ல ஆஸ்பத்திரி பேரைத் தட்டுறீங்க. மெஷினுக்குப் பேரு புரியாது மாமா, நம்பர்தான். பேரைச் சொன்னா நம்பரைச் சொல்றவன் நம்ம சர்வர். அவன் படுத்துட்டா டோக்கனும் கிடையாது, ரிப்போர்ட்டும் கிடையாது."

அதுக்காகவே ரெண்டு சர்வர் வச்சிருந்தா. ரெண்டு கட்டடம், ரெண்டு கரண்டு லைன். உள்ள ஓடுற சாஃப்ட்வேர் மட்டும் ஒண்ணே. அதுல ஓட்டைன்னு போன வாரம் சேதி வந்துச்சு. கோணல்மாணலா ஒரு கேள்வி அனுப்பினா போதும், ரெண்டும் சேந்து சுருண்டுடும். ஓட்டையை அன்னைக்கே அடைச்சுட்டா. ஆனாலும் விடலை. "அடுத்த ஓட்டை வந்தா?" ரெண்டாவதுல வேற சாஃப்ட்வேர்தான் போடணும்னு ஒத்தக்கால்ல நின்னா.

அதுக்கு ரெண்டு சாஃப்ட்வேரைப் பாத்து வச்சிருந்தா; அதுங்களை மனுசனாட்டம்தான் பேசுவா. "இவன் வேகம், தீனி ஜாஸ்தி. அவன் சாது, ஆடி அசைஞ்சு வருவான்." வேகக்காரனைத்தான் புடிச்சிருந்துச்சு. சோதனை மெஷின்ல ஏத்தி, அதே கோணல் கேள்வியை அனுப்பினா. பொத்துனு விழுந்தான்.

"இது வேற ஆளுன்னியேம்மா?"

"பேருதான் வேற மாமா. பழையவனை வச்சுத்தான் இவனையும் எழுதியிருக்காங்க. ரெண்டும் பங்காளி. பூர்வீகம் விசாரிக்காம விட்டுட்டேன்." நெத்தியில அடிச்சுக்கிட்டா.

சாதுவுக்கு அந்த வகையறாவே கிடையாதுன்னு தோண்டித் துருவிப் பாத்துட்டு ஏத்தினா. கேள்வி போச்சு. அவன் அசையலை.

வீடியோ மீட்டிங்ல மேனேஜர் இழுத்தார். "ரெண்டு விதம்னா ரெண்டையும் கத்துக்கணும், ரெண்டுக்கும் காவல் கிடக்கணும். ஏம்மா, நீதானே அரை நாள் கேட்ட?"

"கேட்டேன் சார்."

"சரி, போடலாம்னே வச்சுக்குவோம். புதுசை யாரு முழு நாளும் பாத்துக்கறது?"

கட்டம் கட்டமா இருந்த மூஞ்சிங்கள்ல ரெண்டு சட்டுனு கேமராவை அணைச்சுடுச்சு. ஒருத்தர் குனிஞ்சு எதையோ தேடினார்.

மருமக திரையைப் பாத்தா. மடியில முழிச்சுக் கிடந்தவளைப் பாத்தா. மெதுவா கையைத் தூக்கினா. அவ விரலைப் புடிச்சிருந்த பேத்தியோட கையும் கூடவே மேல போச்சு.