வாசிப்பதோடு சரி

தொண்ணூறுகளில் நாங்கள் இந்தப் பனி நாட்டில், மில்லிக்கன் என்ற இடத்தில் வீடு வாங்கிக் குடிவந்தபோது என் கணவர் முதலில் வாங்கியது ஒரு கம்ப்யூட்டர். சோபா பிறகுதான் வந்தது. டெலிபோன் வயரை அதில் செருகினால் கீச்சிட்டு, கரகரத்து, ஒருவழியாக இணையத்துக்குள் போகும். அங்கே உலகமெங்கும் சிதறிய எங்கள் சனம் கூடி வாக்குவாதப்படும் ஒரு குழு இருந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதித்தான் சண்டை.

அவர் அதில் ஒரு புனைபெயரில் எழுதுவார். வீட்டில் மூன்று சொல்லுக்கு மேல் பேசாத மனுசன், அங்கே வாய் கிழியப் பேசுவார். எனக்குப் பின்னேர ஷிஃப்ட். காலையில் அவர் ஃபாக்டரிக்குப் போனபின் தேத்தண்ணியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசிப்பேன். வாசிப்பதோடு சரி. எழுதினால் அவருடைய புனைபெயரில்தான் போகும் என்பது ஒரு காரணம். மற்றது, அந்தக் கூட்டத்துக்குள் மூக்கை நுழைக்க எனக்கென்ன விசரா? நோர்வேயில் ஒருவர் எதற்கெடுத்தாலும் புத்தி சொல்வார். சிட்னிக்காரர் அவரோடு கொழுவுவார். இருவரையும் என் சொந்தக்காரரைவிட நன்றாக எனக்குத் தெரியும். நான் ஒருத்தி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதில் ஒரு சுகம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நான் அதில் வரும் சமையல் குறிப்புகளை மட்டும்தான் பார்க்கிறேன் என்று என் கணவர் நினைத்திருந்தார். நானும் திருத்தவில்லை.

ஒரு மாசி மாதக் காலையில் அவருடைய பெயரில் புதிதாக ஒரு கேள்வி கிடந்தது. ஒரு நண்பனுக்காகக் கேட்கிறாராம். நண்பனுக்கு வேலை போய்விட்டது. மனைவிக்குச் சொல்லவில்லை. வழமைபோல் காலையில் வெளிக்கிட்டு, வேலை தேடி அலைந்து, மத்தியானம் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு பிளாசாவில் காரை நிறுத்தி அதற்குள் இருந்து சாப்பிடுகிறான். ஃபாக்டரியில் என்றால் சாப்பாட்டைச் சூடாக்கலாம், காருக்குள் என்ன செய்வது? கத்தரிக்காய்க் குழம்பு சோற்றோடு சேர்ந்து உறைந்துவிட்டதாம். உண்மையைச் சொன்னால் மனைவி தன்னை மதிக்கமாட்டாள் என்று பயப்படுகிறான். அவன் என்ன செய்யலாம்?

முந்தின நாள் நான் கட்டிக்கொடுத்தது கத்தரிக்காய்க் குழம்பு.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அட பாவி மனுசா, என்று திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். வேறு யாரும் வீட்டில் இல்லை.

அடுத்த நாள் பதில்கள் வந்திருந்தன. சொல்லவே கூடாது, எங்கள் பெண்கள் சம்பளத்தைத்தான் மதிப்பார்கள் என்றார் நோர்வேக்காரர். உடனே சொல்ல வேண்டும், ஆனால் கோயிலில் வைத்துச் சொல்ல வேண்டும், அங்கே என்றால் கத்தமாட்டாள் என்றார் சிட்னிக்காரர். பிறகு இருவரும் பெண்களைப் பற்றிச் சண்டை பிடிக்கத் தொடங்கி நண்பனை மறந்துபோனார்கள். எனக்கு வாய் துறுதுறுத்தது. கீபோர்டில் கையை வைத்தேன், எடுத்தேன். அவராகச் சொல்லட்டும் என்று பேசாமல் சாப்பாடு கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை. நோர்வே அண்ணை சொல்வதுதான் சரி, நண்பன் மனைவிக்குச் சொல்லப்போவதில்லை என்று குழுவில் எழுதினார்.

அதை வாசித்ததற்கு மறுநாள் நான் சாப்பாடு கட்டவில்லை. ஜாக்கெட்டும் பனிச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு குசினிக்குள் எட்டிப்பார்த்தார்.

"சாப்பாடு எங்கை?"

"இனித்தான் சமைக்கப்போறன். மத்தியானம் வீட்டுக்கு வாங்கோ, சுடச்சுடச் சாப்பிடலாம்."

கார்த் திறப்புக் கொத்தைக் கையில் வைத்தபடி நின்றார்.

"உமக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. வாசிச்சனான்."

"எல்லாத்தையுமோ?"

"ஓம். கத்தரிக்காய்க் குழம்பையும்தான்."

மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினார். மற்றதை அப்படியே விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தார்.

"அப்ப அதிலையே ஒரு வரி எழுதியிருக்கலாமே," என்றார். கோபமா வெட்கமா என்று குரலில் தெரியவில்லை.

"ஏன் எழுதவேணும்? நான் உங்களை மதிக்கிறனோ இல்லையோ எண்டு என்னட்டையெல்லோ கேக்கவேணும். நான் என்ன நோர்வேக்காரரையோ கலியாணம் கட்டினனான்?"

அவர் மற்றச் சப்பாத்தையும் கழற்றினார்.