செருப்பு தெரியாத படம்

ஃபிர்யால் படமெடுக்க வந்தால் கேமராவுக்கு முன்னால் அவள் வாசனைதான் வந்து சேரும். ஏலக்காய் போட்ட காபியும் ஆலிவ் சோப்பும் கலந்த வாசனை. அவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பாள்.

"நீ போட்டோ எடுக்கிறியா, பல்லைப் பிடுங்கப் போறியா?" என்று நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

"வாயை மூடு நஜ்லா. மூடினாத்தான் உன் முகம் பார்க்கிற மாதிரி இருக்கு" என்பாள்.

நாப்லுஸின் பழைய நகரத்தில், கர்யூன் ஊற்றுக்குப் பக்கத்தில், என் நூல்கடையும் அவளுடைய ஸ்டூடியோவும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஐம்பதைத் தாண்டிவிட்டோம். ஊரில் நடந்த கல்யாணங்களில் பாதியைப் படமெடுத்தவள், தான் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கூலிக்காக இல்லாமல் தனக்காகத் தெருவில் இறங்குவாள். கறிக்கடைக்காரர், சுமை தூக்குகிறவர், கீரை விற்கும் கிழவி என்று யாராவது ஒருவரின் முகத்துக்கு நேராகப் போய் நின்றுவிடுவாள்.

இளவயதில் அவள் இப்படி இல்லை. அப்போது தூரத்து ஆள். மொட்டை மாடியில் ஏறி நின்று தெருவையே அள்ளிக்கொண்டு வருவாள். "கிட்டப் போனா சனங்க மூஞ்சிய மாத்திக்கிறாங்க. தள்ளி நின்னா அவங்க அவங்களா இருக்காங்க" என்று எனக்குப் பாடம் நடத்துவாள். நான் பொத்தான்களைப் பிரித்துக்கொண்டே தலையாட்டுவேன்.

அதை மாற்றியது ஜவ்தத்தின் சாவு. தெருவில் இனிப்புப் புளித்தண்ணீர் விற்பவரின் ஒரே மகன். பெற்றவர்களை மூத்த பிள்ளையின் பெயரால்தான் அழைப்போம், அதனால் தகப்பன் அபு ஜவ்தத், தாய் உம்மு ஜவ்தத். பிள்ளை போன பிறகும் அந்தப் பெயர்கள் போகவில்லை. ஊரடங்கு போட்டிருந்த ஒரு வசந்த காலத்தில், ரொட்டி வாங்க வெளியே வந்தவனை ராணுவத்தார் சுட்டுவிட்டார்கள். சுடப்பட்டுச் செத்தவர்களின் முகத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டுவது எங்கள் ஊர் வழக்கம். முகம் மட்டும்தான் இருக்கும். அது ஒட்டப்பட்டதும் கடைகள் தாமாகவே மூடிக்கொள்ளும், யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஜவ்தத்துக்கு ஒட்ட ஒரு படம் தேடினார்கள். அவனோ கேமராவைக் கண்டால் ஓடுகிற பையன். கடைசியில் கிடைத்தது ஒரு கல்யாணப் படம். ஃபிர்யால் படிக்கட்டின் உச்சியில் நின்று முப்பது பேரைச் சேர்த்து எடுத்தது. மூன்றாவது வரிசையில் யாருடைய தோளுக்கோ பின்னால் அவன் தலை கடுகளவு தெரிந்தது. அச்சகத்தில் அதைப் பெரிதாக்கினார்கள். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கரைந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புத் திட்டுகள்.

உம்மு ஜவ்தத் அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு ஃபிர்யாலின் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "இது என் புள்ள இல்ல ஃபிர்யால். கண்ணு எங்க? நீதானே எடுத்த? கண்ண எங்க விட்ட?" என்று கேட்டாள். வேறு படம் இல்லாததால் அதையே ஊற்றுச் சுவரில் ஒட்டினார்கள். அந்த வாரமே ஃபிர்யால் தூரத்து லென்ஸை விற்றுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து யாராக இருந்தாலும் முகத்துக்கு நேராகத்தான்.

வருஷங்கள் போயின. போன வருஷம் ஊர்க் கலை மன்றத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தெருவிலேயே வைக்கலாம், ஆளை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றார்கள். அவள் அபு ஜவ்தத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

யார் படமெடுக்க வந்தாலும் முதலில் அபு ஜவ்தத்தைத்தான் எடுப்பார்கள். முதுகில் கட்டிய பளபளக்கும் பித்தளைக் கூஜா, இடுப்பில் தம்ளர் வரிசை, கையில் தட்டி ஒலியெழுப்ப இரண்டு பித்தளைத் தட்டு. அவர் வருவதற்கு முன்னால் அந்தத் தட்டின் 'சளக் சளக்' வந்துவிடும்.

"இந்த ஒரு தடவையாவது தள்ளி நின்னு எடு. கூஜா இல்லாம அவரு யாரு? சந்தைல பாதிப் பேருக்கு அடையாளமே தெரியாது" என்றேன்.

"கூஜாவத்தான் உலகமே எடுத்தாச்சே. அந்த மனுஷனுக்குக் கண்ணுன்னு ஒண்ணு இருக்கிறத யாராவது பார்த்திருக்காங்களா?"

"அவரு உடம்பு முழுக்கத் தொழிலு. அதை வெட்டிப்போட்டா படம் மொட்டையா நிக்கும்."

"நிக்கட்டும். நூல் விக்கிறவ நூல வில்லு."

அபு ஜவ்தத் கூஜாவை இறக்கி வைத்துவிட்டு என் கடை வாசலில் உட்கார்ந்தார். இவள் அவர் மூச்சுக்காற்று படுகிற தூரத்துக்குப் போனாள்.

"தங்கச்சி, மூக்குமயிர எண்ணப் போறியா? சொல்லியிருந்தா வெட்டிட்டு வந்திருப்பேனே" என்றார்.

"அண்ணே, பேசாதீங்க. என்னைப் பாருங்க."

பார்த்தார். அந்தப் படத்தை அவள் எனக்குக் காட்டியபோது, உள்ளதைச் சொல்ல வேண்டும், நான் அசந்துபோனேன். ஒவ்வொரு இமைமயிரும் தெரிந்தது. ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "மொட்டையாத்தான் இருக்கு" என்றேன்.

அச்சகம் செத்தவர்களின் படத்தை அடிக்கிற அதே அளவில், அதே பளபளத் தாளில் அடித்துக் கொடுத்தது. வேறு அளவு கேட்க அவளுக்கும் தோன்றவில்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம், சுவரொட்டி ஒட்டும் ஹில்மியின் வீட்டில் சுருளைக் கொடுத்து, "காலையில ஒட்டிடச் சொல்லு" என்று அவன் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

வியாழக்கிழமை காலை. நான் ஜிப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். ஊற்றுப் பக்கத்திலிருந்து ஒரு ஷட்டர் விழும் சத்தம். அடுத்தது. அதற்கடுத்தது. சத்தம் தெருவழியே எங்களை நோக்கி வந்தது. கை தானாகப் போய் என் ஷட்டரை இழுத்தது. எதிர்க்கடை மசாலாக்காரர் வெளியே வந்தார், முகம் வெளுத்திருந்தது.

"அபு ஜவ்தத்" என்றார்.

ஃபிர்யால் கையில் காபிக் கோப்பையோடு நின்றிருந்தாள். கோப்பை விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. "போன வாரம்தானே... என் எதிர்லதானே உட்கார்ந்திருந்தாரு..." என்றாள். நானும் அழுதேன். முந்தின நாள் அவர் மலைக்கு அந்தப்பக்க கிராமத்துக் கல்யாணத்துக்குப் புளித்தண்ணீர் ஊற்றப் போயிருந்தார். இராத்திரியே திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். வழியில் ராணுவச் சோதனைச் சாவடி இருக்கிறது. சாவடியில் என்ன வேண்டுமானாலும் நடக்கும். யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

இரண்டு பேரும் ஊற்றுச் சுவருக்கு ஓடினோம். கூட்டம் வழி விட்டது. ஜவ்தத்தின் மங்கலான முகத்துக்குப் பக்கத்தில், பசை இன்னும் காயாமல், தகப்பனின் முகம். ஒவ்வொரு இமைமயிரோடும்.

ஃபிர்யால் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் அழுதுகொண்டு ஓடிவந்த சாவு அவளே எடுத்த படம். எனக்கு அது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"இது... இது என்னுது. கலை மன்றத்துக்கு. ஹில்மி!" என்று கத்தினாள்.

பசை வாளியோடு ஹில்மி அங்கேயே நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். "சுருளைப் பிரிச்சேன், அவரு மூஞ்சி. நான் யாருகிட்டக்கா கேட்பேன்? இந்த வேலைல யாரும் கேட்க மாட்டாங்க. அப்பன மகன் பக்கத்துலயாவது வைப்போம்னு இடம் தேடி ஒட்டினேன்."

அவனை அறைய அவள் கை எழுந்தது. எழுந்த கை அப்படியே நின்றது. "உம்மு ஜவ்தத்! அவளுக்குத் தெரியுமா?" என்றாள்.

அப்போதுதான் எங்களுக்கு உண்மையான பயம் பிடித்தது. மகனின் படம் சுவரில் ஏறிய அன்று விழுந்தவள் ஒரு கோடை முழுவதும் எழவில்லை. இதயம் இரண்டாவது அடியைத் தாங்காது என்று மருத்துவர் எங்கள் காதுபடச் சொல்லியிருக்கிறார். ஃபிர்யால் அபு ஜவ்தத்தின் எண்ணுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடித்தது அவர் வீட்டில். இரண்டு போன்களைப் புளித்தண்ணீரில் முழுக வைத்த மனுஷர், மூன்றாவதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது வழக்கம்.

"கிழி! அவ வர்றதுக்குள்ள கிழிச்சு எறி!" என்று ஹில்மியிடம் கத்திவிட்டு, ரொட்டி சுடும் பொது அடுப்புக்கு ஓடினாள். வியாழக்கிழமை காலையில் உம்மு ஜவ்தத் அங்கேதான் இருப்பாள். நான் பின்னால் ஓடினேன். அடுப்படியில் யாரும் இல்லை. ரொட்டி சுடுகிறவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "பொம்பளைங்க வந்து கட்டிப்பிடிச்சுட்டாங்க. அதுக்குள்ள அது தட்டைத் தூக்கிட்டுக் கிளம்பிடுச்சு" என்றான்.

நாங்கள் திரும்பி வந்தபோது அவள் சுவருக்கு எதிரே நின்றிருந்தாள். தலையில் ரொட்டித் தட்டு அப்படியே. ஹில்மி ஒரு மூலையை மட்டும் உரித்திருந்தான், அவளைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

"உம்மு ஜவ்தத், அவரு உயிரோட இருக்காரு! நான் எடுத்த படம் இது. வேற விஷயத்துக்கு எடுத்தது. தப்பா ஒட்டிட்டாங்க. அல்லாஹ் மேல ஆணையா அவரு நல்லா இருக்காரு!"

உம்மு ஜவ்தத் மெதுவாகத் திரும்பினாள். "அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்க. சின்னக் காயம்தான், ஆஸ்பத்திரியில பேசிக்கிட்டிருக்கான்னு" என்றாள்.

சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அன்று பொய் சொன்ன வாய்கள் இன்று உண்மையைச் சொன்னால் அவள் ஏன் நம்ப வேண்டும்? ஃபிர்யால் கழுத்தில் தொங்கிய கேமராவில் படத்தைத் திறந்து காட்டினாள், தேதியைக் காட்டினாள், கலை மன்றத்துக்காரரின் பெயரைச் சொன்னாள். உம்மு ஜவ்தத்தின் உதடுகள் நீலம் பாய ஆரம்பித்திருந்தன. தட்டை இறக்கக்கூட விடவில்லை. "ஆளைக் காட்டு" என்று மட்டும் சொன்னாள். ஆளுக்கு நாங்கள் எங்கே போவோம்?

தெருமுனையில் ஒரு வீட்டார் துக்கத்துக்கு ஊற்றும் சர்க்கரையில்லாக் காபியைக் கொதிக்க வைத்துவிட்டிருந்தார்கள். வருகிற ஆம்பளைகளுக்கெல்லாம் அந்த வீட்டுக்காரர் குனிந்தபடியே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கோப்பையை நீட்டி, "அல்லாஹ் அவருக்குக் கருணை காட்டட்டும்" என்றார். வாங்கியவர் குடித்துவிட்டு, "ஆமீன். யாருப்பா போனது?" என்று கேட்டார்.

காபிக் குடம் தரையில் உருண்டது. அதன் பிறகுதான் அந்தச் சத்தம். சளக், சளக்.

அந்தக் காபியைக் குடித்துவிட்டு, கூஜாவும் தம்ளர்களுமாக அபு ஜவ்தத் வந்தார். கூட்டம் சுவரோடு சுவராக ஒதுங்கியது. ஒரு பெண் வீறிட்டாள். மசாலாக்காரர் குர்ஆன் வசனத்தைப் பாதியில் விழுங்கினார். "சாவடியில ராத்திரி முழுக்க உட்கார வெச்சுட்டானுங்க. கூஜாக்குள்ள என்னன்னு பார்க்கணுமாம். எதுக்குக் கடையெல்லாம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். தன் முகத்தையும், பக்கத்தில் மகன் முகத்தையும். கையிலிருந்த தட்டுகளின் சத்தம் நின்றது. தன் மார்பைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

உம்மு ஜவ்தத்தின் தலையிலிருந்து தட்டு சரிந்தது. ரொட்டிகளை மிதித்துக்கொண்டு போய், இரண்டு முஷ்டியாலும் அவர் நெஞ்சில் குத்தினாள். "எங்க போய்த் தொலைஞ்ச! எங்கடா போய்த் தொலைஞ்ச!" புருஷனை அவள் 'டா' போட்டுக் கேட்டது இதுவே முதல் தடவை. அவர் குத்து வாங்கிக்கொண்டே நின்றார். கூஜாவிலிருந்து புளித்தண்ணீர் இருவர் மேலும் வழிந்தது.

அவள் மூச்சு சீரானபோது ஃபிர்யால் தரையில் உட்கார்ந்து ரொட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஃபிர்யால், எழுந்திரு. இவரை இப்பவே எடு" என்றாள் உம்மு ஜவ்தத்.

"இனிமே நான்..."

"எடுன்னா எடு. தள்ளிப் போ. இன்னும் தள்ளி. காலு தெரியணும். செருப்பு தெரியணும். இந்தச் சுவத்துல இருக்கிற எவனுக்கும் காலு இல்ல, பார்த்தியா? நடந்து வர்ற ஆளுன்னு பார்த்ததும் தெரியணும்."

ஃபிர்யால் பின்வாங்கினாள். சந்து குறுகல், முதுகு எதிர்ச்சுவரில் முட்டியது. அப்போதும் செருப்பு வரவில்லை. கடைசியில் மசாலாக்காரரின் மாடிக்கு ஏறினாள். இத்தனை வருஷம் கழித்து அவளை ஒரு மாடியில் பார்த்தேன். நனைந்த சட்டை, கூஜா, பிய்ந்த செருப்பு, பக்கத்தில் அவர் கையை விடாத உம்மு ஜவ்தத், சுற்றி மிதிபட்ட ரொட்டி. கலை மன்றம் வைத்தது அதைத்தான். சுவரில் ஒட்டாமல் என் கடைக் கதவில் மாட்டினார்கள். நல்ல படம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த முகப் படத்தை ஹில்மி சுரண்டப் போனான். உம்மு ஜவ்தத் தடுத்தாள். "கிழிக்காம உரிச்சுக் குடு." ஈரத் தாளை முழுசாக வாங்கி, அங்கேயே, கண்களுக்குக் கீழே இருப்பதைப் பின்பக்கம் மடித்தாள். மேலே நெற்றியையும் மடித்தாள். கண்கள் மட்டும் மிஞ்சின. அதைக் கொண்டுபோய்ச் சுவரிலிருந்த மகனின் கறுப்புத் திட்டுகளுக்கு மேல் வைத்துப் பிடித்தாள்.

"இது இவரு கண்ணு இல்ல ஃபிர்யால். எம் புள்ள கண்ணு. இத்தனை நாளா எங்க வெச்சிருந்த?" என்றாள்.

ஃபிர்யால் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தக் கண்கள் இப்போது அவர்கள் வீட்டு அடுப்படியில், தண்ணீர்க் குடத்துக்கு மேலே ஒட்டியிருக்கின்றன. "என் வீட்டுல என்னையே பாதி மடிச்சு ஒட்டியிருக்கா பாரு" என்று அபு ஜவ்தத் வருகிறவர்களிடமெல்லாம் அலுத்துக்கொள்கிறார். தண்ணீர் மொள்ளப் போகும்போது மட்டும் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.